தபித்தானில் ரிசால் நாடுகடத்தப்பட்டிருந்த இடம்: போகுமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

பிலிப்பைன்ஸுக்குப் போகிறவர்கள் கடற்கரைகளையும் மணிலாவின் கடைகளையும் பட்டியலில் சேர்த்த பிறகு, "வேறு என்ன பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். தபித்தானில் உள்ள ரிசால் அருங்காட்சியகத்துக்குப் போங்கள் என்பேன். அதற்குப் பிறகு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆளுக்கொரு கடிதம் எழுதுவதைவிட, கேட்டவர்களின் கேள்விகளை அப்படியே வைத்து ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். வழியும் நேரமும் மட்டும் போதும், வரலாறு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வரலாறு தெரியாமல் போனால் அங்கே சில ஓலைக் குடிசைகளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

ரிசாலா? யார் அவர்? பெயரே கேள்விப்பட்டதில்லையே.

ஹோசே ரிசால் பிலிப்பைன்ஸின் தேசிய வீரர். 1861 ஜூன் 19 அன்று மணிலாவுக்குத் தெற்கே கலாம்பாவில் பிறந்தவர். கண் மருத்துவர், நாவலாசிரியர், கவிஞர், சிற்பி. ஸ்பெயின் ஆட்சியையும், அந்த ஆட்சியின் பெயரில் ஊர்களை உண்மையில் ஆண்டுகொண்டிருந்த கத்தோலிக்கத் துறவிச் சபைகளையும் சாடி, ஐரோப்பாவில் இருந்தபடி இரண்டு நாவல்களை வெளியிட்டார். ஒன்று 1887இல், மற்றொன்று 1891இல். 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் துப்பாக்கிப் படையின் முன் நிறுத்திச் சுட்டுக்கொன்றார்கள். அப்போது வயது 35.

தில்லி சாணக்கியபுரியில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அதில் பலமுறை போனவர்களுக்கும் அவர் யார் என்று தெரிந்திருக்காது. 1882இல் ஸ்பெயினுக்குப் படிக்கப் போனபோது அவருடைய கப்பல் காலியிலும் கொழும்பிலும் நின்றது. காலி அவரைக் கவரவில்லை, கொழும்பு மிகவும் பிடித்துப்போயிற்று.

அருங்காட்சியகம் எங்கே இருக்கிறது? மணிலாவில்தானே?

மணிலாவில் இல்லை. தெற்கே மிண்டனாவோ தீவின் வடமேற்குக் கரையில், வடக்கு சம்போவாங்கா மாகாணத்தில், தபித்தான் என்ற சிற்றூரில் இருக்கிறது. அரசுக் கணக்கில் தபித்தான் இப்போது நகரம். நடந்து பார்த்தால் ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், நாலு தெரு. ஊரை அடுத்துக் கடற்கரையோரமாக உள்ள தாலிசாய் என்ற இடத்தில்தான் ரிசால் வாழ்ந்தார். அங்கே ஒரு சிறிய அருங்காட்சியகமும், அதைச் சுற்றி அவருடைய பண்ணை நிலமும், திரும்பக் கட்டிய குடிசைகளும் உள்ளன. 1940இலேயே அந்த நிலத்தைப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். பொறுப்பில் இருப்பது பிலிப்பைன்ஸின் தேசிய வரலாற்று ஆணையம்.

எதற்காக நாடுகடத்தினார்கள்? குண்டு ஏதாவது வைத்தாரா?

குண்டும் இல்லை, விசாரணையும் இல்லை. 1892 ஜூன் மாதக் கடைசியில் அவர் ஹாங்காங்கிலிருந்து மணிலா திரும்பினார். ஜூலை 3 அன்று 'லா லீகா ஃபிலிப்பினா' என்ற சங்கத்தைத் தொடங்கினார். கல்வி, விவசாயம், வணிகம் ஆகியவற்றை வளர்ப்பதும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதும் அதன் நோக்கங்கள். படிக்கிறவருக்கு ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் விதிமுறை போலத்தான் தோன்றும். மூன்று நாள் கழித்து ஆளுநர் தெஸ்புஹோல் அவரை அழைத்தார். சகோதரி லூசியாவின் மூட்டையில், தலையணை உறைக்குள், துறவிகளைக் கேலி செய்யும் துண்டறிக்கைகள் அகப்பட்டன என்றார். ரிசால் மறுத்தார். பயனில்லை; அங்கிருந்து நேரே சாண்டியாகோ கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளே நாடுகடத்தும் ஆணை வந்தது. 'செபு' என்ற நீராவிக் கப்பல் ஜூலை 17 மாலை அவரைத் தபித்தான் கரையில் இறக்கியது.

ஆணை வெளியான அதே ஜூலை 7 இரவு, லீகாவின் உறுப்பினரான ஆந்திரேஸ் போனிஃபாசியோ மணிலாவில் 'கத்திபூனான்' என்ற இரகசியப் புரட்சிச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் வைத்தவரைத் தீவுக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்று ஆளுநர் நினைத்தார். மனுக் கொடுக்கும் வழி அடைபட்டதும் ரிசாலுக்குப் பின்னால் இருந்தவர்கள் கத்தியை எடுத்தார்கள். தபித்தானை விளங்கிக்கொள்ள இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கடைசியில் வரும் ஒரு கேள்விக்கும் தேவைப்படும்.

சொந்த நாட்டுக்குள்ளேயே இருந்தால் அது எப்படி நாடுகடத்தல் ஆகும்?

அன்றைய கப்பல் கணக்கில் யோசித்துப் பாருங்கள். மணிலாவில் அச்சகம், நண்பர்கள், குடும்பம், செய்தி எல்லாம் இருந்தன. தபித்தானில் ஒரு சின்னக் காவல்படை, இயேசு சபையினரின் மிஷன், எப்போதாவது வரும் தபால் கப்பல். தாகாலோக் பேசும் மனிதரை செபுவானோ பேசும் ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். கடிதங்கள் அதிகாரிகளின் கைவழியாகப் போய்வந்தன. ஊர் எல்லைக்குள் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். எல்லையைத் தாண்ட ஆளுநரின் அனுமதி வேண்டும்.

வந்தவுடன் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். சமயத்துக்கு எதிராகத் தாம் எழுதியவை தவறு என்று வெளிப்படையாக அறிவித்தால் பங்குத்தந்தை ஒபாக்கின் இல்லத்தில் தங்கலாம். ரிசால் மாட்டேன் என்றார். ஆகவே படைத்தலைவர் ரிக்கார்தோ கார்னிசேரோவின் அதிகார இல்லத்தில் தங்கினார். காவல் காக்க வேண்டிய கார்னிசேரோ விரைவில் நண்பராகிவிட்டார். மொத்தத்தில் நான்கு ஆண்டும் இரண்டு வாரமும் இந்த ஊரில் கழிந்தன.

எப்படிப் போவது? விசா வேண்டுமா?

மணிலாவிலிருந்து திபோலோக் நகருக்கு விமானம் இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். திபோலோக்கிலிருந்து தபித்தான் 15 கிலோமீட்டருக்குள்தான். பஸ், ஜீப்னி (பலர் சேர்ந்து ஏறும் நீண்ட ஜீப்), வாடகை வண்டி எல்லாம் ஓடுகின்றன. தபித்தான் சதுக்கத்திலிருந்து தாலிசாய்க்கு டிரைசைக்கிளில் போய்விடலாம். (அங்கே டிரைசைக்கிள் என்பது பக்கவாட்டில் பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிள். நெடிய ஆட்கள் குனிந்தே உட்கார வேண்டும்.) கடல்வழி பிடிக்கும் என்றால், நெக்ரோஸ் தீவின் துமகெத்தேயிலிருந்து தபித்தானின் புலவான் துறைமுகத்துக்குப் படகு உண்டு. ரிசாலும் கடல் வழியாகத்தானே வந்தார், அந்தக் கரை மெல்ல நெருங்குவதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் இதுவே சரியான வழி.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2025 ஜூன் முதல் சுற்றுலாவுக்கு 14 நாள்வரை விசா தேவையில்லை. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடச் சான்றும் கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கும் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. இத்தகைய விதிகள் ஓரிரவில் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் நாளில் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

மிண்டனாவோ என்றாலே பயமாக இருக்கிறதே. அந்தப் பக்கம் பாதுகாப்பானதா?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது, மழுப்ப மாட்டேன். ஆள்கடத்தல் குழுக்களின் பெயரோடு சேர்ந்து செய்தியில் வந்த சூலு, பசிலான் ஆகியவை தெற்குப் பக்கத் தீவுகள். தபித்தான் மிண்டனாவோவின் வடகரையில், அங்கிருந்து நெடுந்தொலைவில் இருக்கிறது. உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் குடும்பத்தோடு வந்துபோகும் ஊர். ஆனாலும் பல நாடுகள் தங்கள் குடிமக்களுக்கு விடுக்கும் பயண எச்சரிக்கையில் சம்போவாங்கா தீபகற்பம் முழுவதையும் சேர்த்துவிடுகின்றன. அப்படி ஒரு எச்சரிக்கை நடப்பில் இருக்கும்போது உங்கள் பயணக் காப்பீடு செல்லாமல் போகலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் மாகாணத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். தரைவழியாகத் தெற்கே சம்போவாங்கா நகருக்குப் போகும் யோசனை இருந்தால் அது வேறு பயணம், அதற்கு வேறு விசாரணை வேண்டும்.

டிக்கெட் எவ்வளவு? எந்த நாள் விடுமுறை? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

நுழைவு இலவசம். திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். காலையில் திறந்ததும் போய்விடுங்கள். மதியத்துக்குமேல் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஆளைக் களைப்பாக்கிவிடும். கூடத்தை மட்டும் பார்க்க ஒரு மணி நேரம் போதும். நிலத்தைச் சுற்றிவர அரை நாள் வேண்டும். பெரும்பாலோர் செய்கிற தவறு கூடத்தில் நேரத்தைச் செலவழித்துவிட்டு நிலத்தை அவசரமாகக் கடப்பது. நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன்.

உள்ளே என்ன இருக்கிறது? அந்தமான் சிறை மாதிரி அறை, சங்கிலி எல்லாம் இருக்குமா?

இல்லை. சங்கிலியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அருங்காட்சியகத்தில் அவருடைய நாடுகடத்தல் காலத்தைச் சொல்லும் படங்கள், ஆவணங்கள், பொருள்கள் உள்ளன. வெளியே வந்தால் கடல், மரங்கள், மூங்கில் குடிசைகள். தாலிசாய் என்ற பெயருக்குக் காரணமான மரம் நமக்குத் தெரிந்த நாட்டுவாதுமைதான். அகன்ற இலையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும்.

குடிசைகளின் வடிவத்தைக் கவனியுங்கள். 1893 டிசம்பரில் ரிசால் தம் ஆஸ்திரிய நண்பர் புளூமென்டிரிட்டுக்கு எழுதிய கடிதத்தில் இவற்றை விவரிக்கிறார். மூங்கில், மரம், நீப்பா ஓலை ஆகியவற்றால் கட்டிய மூன்று வீடுகள். சதுர வீட்டில் அவரும் தாயும் தங்கை திரினிதாதும் மருமகன் ஒருவனும். எண்கோண வீட்டில் மாணவர்கள். அறுகோண வீட்டில் கோழிகள். கோழிக்கு அறுகோணத்தில் வீடு கட்டிய கைதி உலகத்தில் வேறு யாராவது இருந்திருப்பாரா என்பது சந்தேகம். சமையற்கட்டும், நோயாளிகள் தங்குவதற்கான குடில்களும் தனியே இருக்கின்றன.

அந்த வீடுகள் எல்லாம் போலி என்று ஒருவர் எழுதியிருந்தாரே? அப்படியென்றால் எதற்குப் போக வேண்டும்?

வீடுகள் திரும்பக் கட்டியவை என்பது உண்மை. மூங்கிலும் ஓலையும் கடல் காற்றில் எத்தனை ஆண்டு நிற்கும்? அவர் அங்கே வாழ்ந்த காலத்திலேயே கூரை மாற்ற வேண்டியிருந்திருக்கும். அவரைச் சுட்டுக்கொன்ற தீர்ப்பில் ஒரு இலட்சம் பெசோ இழப்பீடும் சேர்த்து விதித்தார்கள். அப்படிப்பட்ட சொத்தை அன்றைக்கு யாரும் பேணிக்காக்கப் போவதில்லை. அவருடைய விவரிப்பையும் அன்றைய குறிப்புகளையும் கொண்டு பிற்காலத்தில் எழுப்பியவைதான் இன்றைய குடிசைகள். ஆகவே குடிசைக்குள் நின்று "இந்தத் தரையில்தான் அவர் நடந்தார்" என்று உருக வேண்டியதில்லை.

உருகுவதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன, அவை ஓலையால் ஆனவை அல்ல. முதலாவது அணை. மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கல்லும் சாந்தும் வைத்து ஓடையைத் தடுத்து, மூங்கில் குழாய்களில் தண்ணீரைக் கொண்டுவந்தார். அவர் பொறியாளர் இல்லை. நில அளவையில் பட்டயம் பெற்றவர், அது உதவியது. அந்தக் கல் வேலையின் மிச்சம் நிலத்தின் மேற்பகுதியில் இருக்கிறது. இரண்டாவது, கடலைப் பார்த்தபடி இருக்கும் பெரிய பாறை. தாயின் வேண்டுகோளுக்காக எழுதி 1895 அக்டோபரில் அவருக்கு அனுப்பிய 'மி ரெத்தீரோ' கவிதையின் பெயரால் அதை அழைக்கிறார்கள். மாலையில் ரிசால் அங்கே உட்கார்ந்திருப்பார் என்பார்கள். மூன்றாவது, நிலமே. முதலில் வாங்கியது 16 ஹெக்டேர். பின்னர் பக்கத்து நிலங்களையும் வாங்கிச் சேர்த்து 70 ஹெக்டேர் ஆக்கினார். தென்னை, கரும்பு, காப்பி, கொக்கோ, பழமரங்கள் ஆகியவற்றோடு, வாழை இனத்தைச் சேர்ந்த அபக்கா நார்ச்செடியும் பயிரிட்டார்.

நாலாவது ஒன்று உண்டு, அது இந்த வளாகத்தில் இல்லை. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

தபித்தான் ஊருக்குள் பார்க்க ஏதாவது இருக்கிறதா, அல்லது தாலிசாயோடு திரும்பிவிடலாமா?

திரும்பிவிடாதீர்கள். சதுக்கத்தில், புனித யாக்கோபு தேவாலயத்துக்கு எதிரே, தரையில் மண்ணாலும் கல்லாலும் புல்லாலும் அமைத்த மிண்டனாவோ தீவின் மேடுபள்ள வரைபடம் ஒன்று இருக்கிறது. ரிசாலும், மணிலாவில் அவருக்கு ஆசிரியராக இருந்த இயேசு சபைத் துறவி சாஞ்செஸும் சேர்ந்து 1892இல் அமைத்தது. ஊர்க்காரர்களுக்குத் தங்கள் தீவின் வடிவத்தைக் காட்டுவதற்காகச் செய்தார்கள். பிற்காலத்தில் செப்பனிட்டிருக்கிறார்கள், ஆனால் இடமும் அமைப்பும் அதுவேதான்.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. சாஞ்செஸை அந்த ஊருக்கு அனுப்பியதே ரிசாலின் மனத்தை மாற்றி மன்னிப்புக் கேட்க வைப்பதற்காகத்தான். மனம் மாறவில்லை, இருவரும் வரைபடம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரிசால் தேவாலயத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றிருப்பார். அந்த இடத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். அவர் கரை இறங்கிய இடத்திலும், சதுக்கத்துக்கு நடந்துபோகும் தொலைவில், நினைவுச்சின்னம் இருக்கிறது.

கைதிக்கு 70 ஹெக்டேர் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. லாட்டரியில் விழுந்தது. ரிசாலும் கார்னிசேரோவும், திபோலோக்கில் வசித்த ஒரு ஸ்பானியரும் சேர்ந்து 9736 என்ற எண்ணுள்ள அரசாங்க லாட்டரிச் சீட்டு வாங்கியிருந்தார்கள். வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டாம் பரிசு 20,000 பெசோ விழுந்தது. ரிசாலின் பங்கு 6,200. தந்தைக்கு 2,000 பெசோ கொடுத்தார், ஹாங்காங்கில் இருந்த நண்பருக்கு 200 பெசோ கடனை அடைத்தார், மீதியில் நிலம் வாங்கினார். நாடுகடத்தியவர்களே நடத்திய லாட்டரி!

பிறகு வருமானம் பண்ணையிலிருந்தும் அபக்கா வணிகத்திலிருந்தும் மருத்துவத்திலிருந்தும் வந்தது. ஏழைகளிடம் பணம் வாங்கமாட்டார். கண் புரைக்காக வெளியூர்களிலிருந்து வசதியானவர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்கள் கொடுத்ததில் ஒரு பகுதி ஊருக்குத் தெருவிளக்கு வைக்கப் போயிற்று. தாயின் கண்ணுக்கும் தபித்தானில் அறுவைச் சிகிச்சை செய்தார். அவிழ்க்கக் கூடாது என்று சொல்லியும் அந்த அம்மா கட்டை அவிழ்த்துவிட்டார், புண் சீழ்பிடித்தது. டாக்டர் மகன் சொல்வதைக் கேட்காத தாயார் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போலும்.

பள்ளிக்கூடமும் நடத்தினாராமே. அரசியல் கைதியைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல விட்டார்களா?

விட்டார்கள். 1893இல் மூன்று மாணவர்களோடு தொடங்கியது பின்னர் இருபதைத் தாண்டியது. பெரும்பாலானோர் கட்டணம் கட்டவில்லை. பதிலுக்குத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். மேலே சொன்ன அணையில் இருக்கும் உழைப்பு அவர்களுடையதும்தான். பாடம் பிற்பகலில் இரண்டு மணி நேரம்: ஸ்பானியம், ஆங்கிலம், கணக்கு, புவியியல், வரலாறு. அதோடு நீச்சல், குத்துச்சண்டை, சிலம்பம் போன்ற அர்னிஸ், மரச்செதுக்கு. ரிசால் தொங்கு ஊஞ்சலில் சாய்ந்தபடி கற்பிப்பார். முதல் மாணவனுக்குச் 'சக்கரவர்த்தி' என்று பட்டம். பெஞ்சின் தலைமாட்டில் அவனுக்கு இடம்.

என்னைக் கேட்டால் தபித்தானின் மையம் இந்தப் பள்ளிதான். தடை செய்த சங்கத்தின் விதிகளில் கல்வி, விவசாயம், வணிகம், ஒருவருக்கொருவர் உதவி என்று இருந்ததல்லவா? மணிலாவில் காகிதத்தில் எழுதியதற்காகத் தண்டித்தார்கள். தபித்தானில் அதையே மண்ணில் செய்துகாட்டினார். 1895இல் விவசாயிகளுக்குக் கூட்டுறவுச் சங்கம்கூட அமைத்தார். காவலர்களுக்கு அது உறுத்தவே இல்லை.

பல்லிக்கும் தவளைக்கும் அவர் பெயர் வைத்திருக்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. மாணவர்களோடு காட்டிலும் கரையிலும் திரிந்து பூச்சி, ஊர்வன, சிப்பி என்று சேகரித்து ஜெர்மனியின் டிரெஸ்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். பதிலுக்குப் பணம் கேட்கவில்லை, நூல்களும் கருவிகளும் கேட்டார். அவர் அனுப்பியவற்றிலிருந்து ஒரு வண்டுக்கும், ஒரு தவளைக்கும், கிளைக்குக் கிளை சறுக்கிப் பறக்கும் ஒரு பல்லிக்கும் அங்குள்ள அறிஞர்கள் 'ரிசாலி' என்று பெயரிட்டார்கள். தவளையும் பல்லியும் முன்பே வேறு பெயரில் பதிவான இனங்கள் என்று பின்னால் வகைப்படுத்திவிட்டார்கள். வண்டு மட்டும் இன்னும் ரிசாலின் பெயரோடு இருக்கிறது.

ஜோசஃபின் என்ற பெண் யார்? மனைவியா?

ஜோசஃபின் பிராக்கன், ஹாங்காங்கில் பிறந்த ஐரிஷ் பெண். 1895 பிப்ரவரியில், பார்வை இழந்த தம் வளர்ப்புத் தந்தையை ரிசாலிடம் காட்ட அழைத்துவந்தார். அப்போது அவருக்கு 18 வயது, ரிசாலுக்கு 33. திருமணம் செய்துகொள்ள விரும்பினார்கள். நான்காவது பதிலில் வந்த அதே நிபந்தனை குறுக்கே நின்றது: எழுதியதைத் திரும்பப் பெறாதவருக்குத் தேவாலயத்தில் திருமணம் இல்லை. ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை என்றாலும் இருவரும் தாலிசாயில் சேர்ந்து வாழ்ந்தார்கள். குறைமாதத்தில் பிறந்த ஆண்குழந்தை சில மணி நேரமே உயிரோடு இருந்தது. ரிசால் தம் தந்தையின் பெயரான பிரான்சிஸ்கோ என்று அதற்குப் பெயரிட்டு அங்கேயே புதைத்தார்.

மரண தண்டனைக்குச் சில மணி நேரம் முன்பு சிறையில் இருவருக்கும் திருமணம் நடந்தது என்று திருச்சபைத் தரப்பு சொல்கிறது. அதற்கு முன் அவர் மன்னிப்புக் கடிதம் எழுதினார் என்பதும் அதோடு சேர்ந்தது. அந்தக் கடிதம் மெய்யா, புனைவா என்று பிலிப்பைன்ஸில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. உள்ளூரில் இந்தப் பேச்சை எடுத்தால் நேரம் போவது தெரியாது.

முன்னால் கடல், கையில் பணம், நண்பரான காவலர். ஏன் தப்பித்துப் போகவில்லை?

தப்பிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார், அதைக் காப்பாற்றினார். தப்பியிருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் ஆகியிருக்கும். குடும்பத்தின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். கலாம்பாவில் அவர்கள் குத்தகை நிலத்திலிருந்து ஏற்கெனவே வெளியேற்றப்பட்டிருந்தார்கள்.

கண்காணிப்பும் இல்லாமல் இல்லை. 1893 நவம்பரில், உறவினன் என்று சொல்லிக்கொண்டு பாப்லோ மெர்காதோ என்ற பெயரில் ஒருவன் வந்தான். ரிசாலின் படம் ஒன்றை அடையாளமாகக் காட்டி, இரகசியக் கடிதம் இருந்தால் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்றான். ரிசாலுக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. அன்று மழை என்பதால் வீட்டிலேயே தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். பிறகு அவனைப் பற்றிப் படைத்தலைவரிடம் புகார் கொடுத்தார். பெயர் பொய், அவன் ஏவிவிடப்பட்ட உளவாளி என்பது விசாரணையில் தெரிந்தது.

புரட்சியே வேண்டாம் என்றவரைப் புரட்சித் தலைவர் என்று சொல்வது சரியா?

இந்தப் பக்கத்தில் கடினமான கேள்வி இதுதான். 1896 ஜூன் 21 அன்று கத்திபூனானின் தூதராக டாக்டர் பியோ வாலென்சுவேலா தபித்தான் வந்தார். சந்தேகம் வராமல் இருக்கப் பார்வை இல்லாத ஒருவரைச் சிகிச்சைக்கு என்று கூட்டிவந்தார். எழுச்சிக்குத் தயாராகிறோம், உங்களை மீட்டுக்கொண்டு போகிறோம் என்றார். ரிசால் இரண்டையும் ஏற்கவில்லை: ஆயுதமும் பணமும் இல்லாமல், மக்கள் ஆயத்தமாகாமல் எழுந்தால் இரத்தம் வீணாகும். அவர் தம்மை விடுவித்துக்கொள்ளத் தேர்ந்த வழி வேறு. கியூபாவில் காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்த ஸ்பானியப் படைக்கு மருத்துவராகப் போகிறேன் என்று முன்பே விண்ணப்பித்திருந்தார். அனுமதி கிடைத்து ஜூலை 31 அன்று 'எஸ்பான்யா' கப்பலில் புறப்பட்டார். ஆகஸ்டில் கத்திபூனான் வெளிப்பட்டுப் போர் மூண்டது. ஸ்பெயினை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவரைக் கைது செய்து, திரும்பக் கொண்டுவந்து, அவர் எதிர்த்த எழுச்சிக்கு அவரே காரணம் என்று தண்டித்தார்கள். டிசம்பரில், சிறையிலிருந்தபடி, எழுச்சியைக் கண்டித்தும் அறிக்கை எழுதினார்.

ஆகவே "ரிசால் படை திரட்டினார்" என்று யாராவது சொன்னால் அது தவறு. ஆனால் கத்திபூனான்காரர்கள் அவரைக் கேட்காமலே கௌரவத் தலைவராக வைத்திருந்தார்கள். அவர் பெயரே அவர்களுக்கு இரகசிய அடையாளச் சொல். மூன்றாவது பதிலில் சொன்ன ஜூலை 7ஐ இங்கே பொருத்திப் பாருங்கள். போனிஃபாசியோவின் பொறுமை முடிந்தது ரிசாலின் நாவல்களைப் படித்ததாலும், ரிசாலை நாடுகடத்தியதாலும்தான். தாம் விரும்பாத புரட்சிக்குத் தலைவராக இருந்த மனிதர் என்பதே என் கருத்து. போனிஃபாசியோவை ஓரம்கட்டி, சாந்தமானவர் என்பதற்காக ரிசாலை அமெரிக்க ஆட்சியாளர்கள் தூக்கிப்பிடித்தார்கள் என்று வாதிடுகிறவர்களும் அங்கே உண்டு. அந்த வாதத்தில் வலு இருக்கிறது. தபித்தானைப் பார்க்காமல் அதை முழுதாக ஏற்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது? வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

சைவம் கொஞ்சம் சிரமம். சோறு எங்கும் கிடைக்கும். காய்கறிக் குழம்பிலும் இறால் விழுதோ பன்றித் துண்டோ இருக்கும், கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பழங்களுக்குக் குறைவில்லை. ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப்போனால் கவலை இல்லை. வயதானவர்கள் கடலோரக் குடிசைகள் வரை எளிதாக நடக்கலாம். அணைக்கு ஏறும் பாதையில் மழைக்குப் பின் வழுக்கும். ஆங்கிலம் தெரிந்தால் ஊரில் மொழிச் சிக்கல் வராது.

மணிலாவில் சாண்டியாகோ கோட்டையையும் அவரைச் சுட்ட இடத்தையும் பார்த்துவிட்டேன். இதுவும் அவசியமா?

அந்த இரண்டும் அவருடைய கடைசி இரண்டு மாதங்கள். சிறை அறை, தரையில் பதித்த காலடித் தடங்கள், சிலை. ரிசால் எப்படி இறந்தார் என்பது மணிலாவில் தெரிந்துவிடும். என்னவெல்லாம் செய்யக்கூடியவர் என்பதற்குத் தாலிசாய் வேண்டும். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைத்தால் வேண்டாம். விமானம் தாமதித்தால் குடிசைகளைப் படம் எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டியதாகிவிடும். இரண்டு இரவு தங்க முடிந்தால் போங்கள். போகிற மறுநாள் திங்கட்கிழமையாக அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.